அண்ணா நகர் டான்செட் பயிற்சி மையம்: சேரலாமா?

வேலைக்குப் போய்க்கொண்டே டான்செட் (தமிழ்நாட்டில் எம்.பி.ஏ. போன்ற படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வு) எழுதி எம்.பி.ஏ. படிக்க நினைப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். பணம் வாங்கும் முன்பே என் பி.காம். மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்கி, சார் செமஸ்டர் செமஸ்டராகப் பேனாவால் கூட்டிப் பார்த்தார். 57 சதவீதம். "ஐ.ஐ.டி. மெட்ராஸில் எம்.பி.ஏ.வுக்கு கேட் (CAT) நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு பட்டப்படிப்பில் 60 சதவீதமும் கேட்பாங்க தம்பி. டான்செட்டுக்கு 50 போதும், இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 45" என்றார். ஐ.ஐ.டி.யை நினைத்து நான் கேட்ட கேட் வகுப்பில் சேர்க்கவே இல்லை. இந்த நேர்மை எத்தனை இடத்தில் கிடைக்கும்?

கணக்கு வகுப்பு அருமை. டான்செட்டில் ஒவ்வொரு தவறான விடைக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும் என்பதால், எந்தக் கேள்வியை விட வேண்டும் என்றே தனியாகப் பழக்குகிறார்கள். ஆங்கிலம் சுமார்தான். அப்புறம், ஞாயிறு வகுப்பில் கூட்டம் அதிகம். சீக்கிரம் போய் இடம் பிடித்துவிடுங்கள்.