நாச்சஸ் நகரின் இரு தூண் மாளிகைகள்

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றங்கரைச் சிற்றூரான நாச்சஸில், பருத்திச் செல்வம் எழுப்பிய கிரேக்க மறுமலர்ச்சிப் பாணி வீடுகளுள் ஸ்டாண்டன் ஹாலும் மெல்ரோஸும் ஒப்பிடத்தக்கவை. 1857-இல் முடிந்த ஸ்டாண்டன் ஹால், இலைவேலைப்பாடு மிக்க கொரிந்தியத் தூண்களால் ஊர் நடுவே கண்ணைப் பறிக்கிறது. அதைக் கட்டிய பருத்தி வணிகர் பிரெடெரிக் ஸ்டாண்டன் 1859-இலேயே காலமானார்.

1840-களில் வழக்கறிஞர் ஜான் மெக்மரன் கட்டிய மெல்ரோஸிலோ அலங்காரமற்ற டோரிக் தூண்களே நிற்கின்றன. ஆயினும் நான் மெல்ரோஸையே பரிந்துரைப்பேன். ஏனெனில் அடிமைப்படுத்தப்பட்டோர் வாழ்ந்த கட்டடங்கள் அங்கே இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. உணவறை மேசைக்கு மேலே, இந்தியாவிலிருந்து பெயர் பெற்ற ‘பங்கா’ எனும் பெரிய மரவிசிறி தொங்குகிறது. விருந்தினர் உண்ணும் நேரமெல்லாம் அதன் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவர் ஓர் அடிமை.