மொட்டை டயரா, டிராக் ரேடியலா?

நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்களிடம் ‘நைலான் நல்லதா, ரேடியல் நல்லதா’ என்று கேட்டால், கையில் இருக்கும் டீ ஆறிப்போகும், பேச்சு முடியாது. அமெரிக்காவில், நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாயும் பந்தயமான டிராக் ரேஸின் பாதைகளிலும் ஆண்டுக்கணக்கில் நடப்பது இதே வழக்குதான். ஒரு பக்கம் ஸ்லிக், அதாவது பட்டனே இல்லாத மொட்டை டயர். நம் நைலான் டயரைப் போல உள்ளே இழைகள் குறுக்கும் மறுக்குமாகப் பின்னியிருக்கும். மறுபக்கம் டிராக் ரேடியல். இதில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும், அதன்மேல் பெல்ட் சுற்றியிருக்கும். பள்ளங்கள் குறைவுதான், ஆனாலும் பெரும்பாலானவற்றைச் சாலையில் ஓட்ட அனுமதி உண்டு.

டெக்சாஸில், வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் உள்ள எட்டில் ஒரு மைல் பாதையில் ஃபோர்டின் பழைய ஃபாக்ஸ்பாடி மஸ்டாங் கார் ஒன்றை ஓட்டுகிறேன். வி8 இன்ஜின், ஐந்து கியர், கிளட்ச் மிதித்து ஓட்டும் வண்டி. இரண்டு வகை டயரையும் இதே வண்டியில் மாட்டிப் பார்த்துவிட்டேன். அதனால் இந்த ஒரு வண்டியை வைத்தே பேசுகிறேன்.

முதலில் அளவு. ஸ்லிக்கில் 28.0/10.5-15 என்று அச்சடித்திருக்கும். உயரம் 28 அங்குலம், தரையில் படும் அகலம் 10.5 அங்குலம், ரிம் 15 அங்குலம். ரேடியலில் 275/60R15. அகலம் 275 மில்லிமீட்டர், சைட்வால், அதாவது டயரின் பக்கச்சுவர், உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 165. மேலும் கீழும் சேர்த்து 330, ரிம்முக்கு 381, மொத்தம் 711 மில்லிமீட்டர். அதுவும் 28 அங்குலம்தான். காகிதத்தில் இரண்டும் ஒரே உயரம். பாதையில் அப்படி இல்லை. வேகம் ஏற ஏற ஸ்லிக் உப்பி உயரும். ரேடியலை அதன் பெல்ட் இறுக்கிப் பிடித்திருப்பதால் அது அவ்வளவாக வளராது. ஆகவே ஸ்லிக்கிலிருந்து ரேடியலுக்கு மாறுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: கியர் விகிதம் அதேதான் என்றாலும், முடிவுக் கோட்டில் இன்ஜின் சுழற்சி முன்பைவிட அதிகமாக இருக்கும். சக்கரம் உட்காரும் குழிக்குள் இடம் விடுவதும் இதைப் பொறுத்ததே. ஸ்லிக்குக்குச் சுற்றிலும் ஓர் அங்குலமாவது விட்டுவிடுங்கள். என் வண்டியில் சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர் தகட்டின் விளிம்பை உள்பக்கமாக மடித்த பிறகுதான் உராய்வு நின்றது.

ஸ்லிக் அளவுக்குப் பின்னால் சில நேரம் S என்ற எழுத்து வரும். மிக்கி தாம்ப்சன் நிறுவனத்தின் ஈடி டிராக் டயர்களில் அதற்குப் பொருள், சைட்வால் கொஞ்சம் விறைப்பானது என்பது. என் வண்டி எடைக்கு அது பிடித்திருக்கிறது.

சரி, பச்சை விளக்கு விழும் நொடிக்கு வருவோம். வழக்கு தீர்வது அங்கேதான். கிளட்ச்சை விட்டதும் இன்ஜினின் மொத்த உதையும் ஒரே அடியாக டயருக்குப் போகிறது. ஸ்லிக் அந்த உதையைத் தன் சைட்வாலில் வாங்கிக்கொள்ளும். நண்பர் ஒருவர் பக்கவாட்டிலிருந்து மெதுவியக்கத்தில் படம் எடுத்துத் தந்தார். ரிம் சுழன்றுவிட்டது, ரப்பர் இன்னும் தரையிலேயே நிற்கிறது, நடுவில் சைட்வால் ஈரத்துணியைப் பிழிந்தது போல மடிப்பு மடிப்பாகச் சுருண்டிருக்கிறது. அப்படிச் சுருளும்போது தரையைத் தொடும் பரப்பு நீள்கிறது, அப்புறம்தான் வண்டி பாய்கிறது. டயர் லேசாகச் சுழன்றாலும் ஸ்லிக் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஓட்டுபவரின் தவறை மன்னிக்கும் டயர் அது.

ரேடியல் அப்படியல்ல. பிடித்தால் கல்லில் அறைந்த ஆணி மாதிரி பிடிக்கும். ஒருமுறை பிடி விட்டுவிட்டால் திரும்பப் பிடிப்பது அரிது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தே ஆக வேண்டும். கிளட்ச்சின் திடீர் உதை அதற்கு ஆகாது. டார்க் கன்வெர்ட்டர் வழியாக விசையை வழுக்கிக்கொடுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும், பின் ஷாக் அப்சார்பரில் பொறுமையான அமைப்பும் இருந்தால் ரேடியல் பிரமாதமாக வேலை செய்யும். உருளும்போது தடை குறைவு என்பதால் முடிவுக் கோட்டில் மணிக்கு ஒன்றிரண்டு மைல் கூடுதலாகவும் கிடைக்கும்.

எது வேகம் என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. பத்தாயிரம் குதிரைத்திறனைத் தாண்டும் டாப் ஃப்யூல் வண்டிகள் இன்றும் குட்இயர் ஸ்லிக்கில்தான் ஓடுகின்றன. அதே நேரம் ‘ரேடியல் வெர்சஸ் தி வேர்ல்ட்’ பிரிவில் 315 அகல ரேடியலில் எட்டில் ஒரு மைலை 4 விநாடிக்குள் முடிக்கிறார்கள். ஆனால் அங்கே பாதை முழுக்கப் பசை தெளித்து, ரப்பரை இழைத்து, செருப்பு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத் தயார் செய்திருப்பார்கள். எங்கள் ஊர்ப் பாதையில் சாதாரண வெள்ளிக்கிழமை இரவில் அந்தப் பசையை எதிர்பார்க்க முடியாது. தயாரிப்பு குறைந்த தரையில் ஸ்லிக்கை நம்பி மிதிக்கலாம்.

மாட்டும் வேலையில் ஸ்லிக்தான் கூடுதல் கவனம் கேட்கும். குறைந்த காற்றில் ஓடுவதால் ரிம் ஒரு பக்கம் சுழல, டயர் பின்தங்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, வெள்ளை ஷூ பாலிஷ். ரிம்மிலிருந்து டயருக்கு ஒரே கோடாக இழுத்துவிட்டு ஒரு ஓட்டம் ஓடிப் பார்க்க வேண்டும். முதல் நாள் நான் இழுத்த கோடு, திரும்பி வந்தபோது ரிம்மில் ஓரிடத்திலும் டயரில் நான்கு விரற்கடை தள்ளியும் இருந்தது. ட்யூப் போட்டிருந்தால் வால்வு அறுந்திருக்கும். அதற்குத்தான் ரிம் ஸ்க்ரூ: ரிம் விளிம்பில் துளையிட்டு, டயரின் பீடில் (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பில்) ஏறும்படி முடுக்குவது. ஸ்க்ரூவின் நீளம் தவறினால் டயர் பாழ், ஆகவே பழகியவர் கையில் கொடுங்கள். பீடை உட்கார வைக்க 40 பிஎஸ்ஐ-க்கு மேல் காற்று ஏற்ற வேண்டாம். என் முதல் ஜோடியை மாட்டிய கடையில் சாதாரணக் கார் டயர் என்று நினைத்து அழுத்தி ஏற்றிவிட்டார்கள். பீடு தெறித்த சத்தத்தில் எல்லோரும் இரண்டடி பின்வாங்கினோம். நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை.

இரண்டு ஸ்லிக்கையும் மாட்டியதும் சுற்றளவை டேப்பால் அளந்து பாருங்கள். ஒரே அளவு அச்சடித்த ஜோடியிலும் வித்தியாசம் இருக்கலாம், வித்தியாசம் கூடினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இன்னொன்று: முன்னால் ரேடியல், பின்னால் ஸ்லிக் என்று கலப்பது பாதையில் பரவலாகக் காணும் பழக்கம். தயாரிப்பாளர்களே வேண்டாம் என்கிறார்கள். சைட்வாலின் குணம் வேறு வேறாக இருப்பதால், 100 மைல் வேகத்தில் வண்டியின் பின்பக்கம் ஆடும். முடிந்தால் நான்கிலும் ஒரே கட்டுமானம் போடுங்கள்.

காற்று அழுத்தத்தில் என் கணக்கு: ஸ்லிக்குக்கு 12 பிஎஸ்ஐ-யில் தொடங்கி அரை அரையாக மாற்றுவேன், ரேடியலுக்கு 17-லிருந்து. 60 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜில் அரை பிஎஸ்ஐ தெரியாது. 30 வரை மட்டும் காட்டும் தனிக் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றம் பலித்ததா என்பதை முதல் 60 அடியைக் கடக்கும் நேரம் சொல்லிவிடும். தரையில் விழுந்த தடத்தையும் பாருங்கள். ஓரங்கள் மட்டும் கறுத்திருந்தால் காற்று குறைவு, நடுப்பகுதி மட்டும் கறுத்திருந்தால் அதிகம்.

பர்ன்அவுட்டிலும், அதாவது ஓட்டத்துக்கு முன் டயரை நின்ற இடத்தில் சுழற்றிச் சூடாக்குவதிலும், இரண்டுக்கும் இரண்டு பழக்கம். ஸ்லிக்கைத் தண்ணீரில் நனைத்து, வெளியே உருட்டி, முன் பிரேக்கைப் பூட்டிப் புகை மெல்லிதாக எழும்வரை சுழற்றலாம். பள்ளம் உள்ள ரேடியலோடு தண்ணீருக்குள் போகாதீர்கள். பள்ளத்தில் ஏறிய தண்ணீர் தொடக்கக் கோடுவரை சொட்டும், அடுத்து வருபவருக்கும் ஆபத்து. தண்ணீரைச் சுற்றிப் போய், டயர் சுத்தமாகும் அளவுக்குச் சுருக்கமாகச் சுழற்றினால் போதும். ரேடியல் அதிகமாகச் சூடேறினால் மேல்தோல் கிரீஸ் போலாகிப் பிடி போய்விடும்.

தேய்மானம் பார்க்க ஸ்லிக்கின் மேற்பரப்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அவற்றின் ஆழம் குறைவதை அவ்வப்போது அளக்க வேண்டும். ஆனால் துளை இருக்கும்போதே டயர் செத்துப்போவதும் உண்டு. சூடாகி ஆறி, சூடாகி ஆறி ரப்பர் இறுகிவிடும், நகம் பதியாது. இடமும் வலமும் மாற்றிப் போட்டால் ஸ்லிக்குக்குக் கொஞ்சம் ஆயுள் கூடும். ரேடியலில் அம்புக்குறி இருந்தால் அது காட்டும் திசையை மாற்றக் கூடாது.

சீசன் முடிந்ததும் டயரைக் கழற்றி, கறுப்புப் பையில் கட்டி, வெயில் படாத இடத்தில் வைக்கிறேன். வெல்டிங் மெஷினும் மோட்டாரும் ஓடும் மூலைக்குப் பக்கத்தில் வைப்பதில்லை, அங்கே உருவாகும் ஓசோனால் ரப்பரில் வெடிப்பு விழும். பளபளப்புக்குப் பூசும் திரவங்களைத் தொடுவதே இல்லை.

கிளட்ச் வண்டியோடு புதிதாக வருபவர்களுக்கு என் ஓட்டு ஸ்லிக்குக்கே. ஆட்டோமேட்டிக் வைத்து, பாதைக்குச் சாலை வழியாகவே ஓட்டி வருபவர்கள் ரேடியல் வாங்கட்டும், ஆனால் மழை வந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். அந்தச் சின்னப் பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றாது. என் ரேடியல் ஜோடியை விற்கவில்லை, பையில் கட்டி வைத்திருக்கிறேன். மஸ்டாங்குக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஏறும் அன்றைக்கு அதை மறுபடி மாட்டுவேன்.