தார்ச்சாலையா, மண்பாதையா: பாலையின் உயிர்களைப் பார்க்க எது உதவும்?

பாலை நிலத்தில் சைக்கிள் பயணம் போகிறவர்கள், தார்ச்சாலையில் போவதா மண்பாதையில் இறங்குவதா என்பதைப் பெரும்பாலும் தூரத்தையும் சுமக்க வேண்டிய தண்ணீரையும் வைத்தே முடிவு செய்கிறார்கள். செடிகொடிகளையும் உயிரினங்களையும் பார்ப்பதே நோக்கமென்றால் அந்தக் கணக்கு மாறிவிடும். மண்பாதைதான் மேல் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் இப்போது பாதிதான் மிச்சம்.

தார்ச்சாலையின் முதல் அனுகூலம், கண்கள் நம் வசம் இருப்பதுதான். சக்கரம் தானாக உருளுவதால் தலையை நிமிர்த்தி, தொலைவில் நிற்கும் கள்ளியையும் அதன் உச்சியில் அமர்ந்திருக்கும் பருந்தையும் பார்த்துக்கொண்டே போகலாம். வட அமெரிக்காவின் சொனோரன் பாலையில் வளரும் சகுவாரோ கள்ளி இரவில் மலர்ந்து மறுநாள் பிற்பகலுக்குள் வாடிவிடும் என்பதால், அதன் பூவைப் பார்க்க விரும்புகிறவர் வெயில் ஏறுமுன் பல கிலோமீட்டர் கடந்தாக வேண்டும். அதற்குத் தார்ச்சாலையே தோது.

ஆனால் சாலையோரம் நம்மைச் சற்று ஏமாற்றவும் செய்யும். தன்மேல் விழும் சொற்ப மழையைத் தார்ப்பரப்பு உறிஞ்சாமல் இருபுறமும் வழியவிடுவதால், ஓரத்துச் செடிகள் உள்ளே இருப்பவற்றைவிடச் செழிப்பாக வளர்கின்றன. அந்தப் பச்சையைத் தேடிப் பூச்சிகளும் முயல்களும் வர, அவற்றைத் தேடி மற்றவை வர, அவற்றில் சில வண்டிகளில் அடிபட்டும் கிடக்கின்றன. பொழுது சாய்ந்த பிறகும் சூடு தணியாத தாரின்மேல் பாம்புகள் வந்து படுப்பதுண்டு. அவற்றைப் பார்க்க அதைவிட எளிதான இடம் இல்லை என்றாலும், இருட்டில் வண்டிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மண்பாதையில் விலங்குகளைவிட அவற்றின் தடங்களே அதிகம் கிடைக்கும். விடிந்த சிறிது நேரத்தில், காற்று கிளம்பி மணலைக் கலைக்குமுன் குனிந்து பார்த்தால், கருவண்டு ஊர்ந்து போன இரட்டைப் புள்ளிவரிசையும், பக்கவாட்டில் நகரும் விரியன் விட்டுச்சென்ற, ஒன்றோடொன்று ஒட்டாத சாய்கோடுகளும் தெளிவாகத் தெரியும். வட அமெரிக்கா, சகாரா, தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலை ஆகிய மூன்று இடங்களிலும் வெவ்வேறு விரியன்கள் இதே நடையைப் பழகியிருக்கின்றன. சுடுமணலிலும் வழுக்கும் மணலிலும் அந்த நடை கைகொடுக்கிறது. வண்டிச் சத்தம் இல்லாததால், காலையில் நீர்நிலையை நோக்கிப் பறக்கும் கல்கௌதாரிக் கூட்டத்தின் குரலும் காதில் விழும். ஆண் பறவை தன் வயிற்று இறகுகளில் நீரைத் தேக்கிக் குஞ்சுகளுக்குக் கொண்டுபோகிறது என்பது தெரிந்தால், அந்தக் குரலைக் கேட்டதும் எவரும் சைக்கிளை நிறுத்திவிடுவார்கள்.

இதற்கான விலையும் உண்டு. மணலில் வேகம் பாதியாகக் குறைகிறது, தண்ணீர் விரைந்து தீர்கிறது, பார்வையோ முன்சக்கரத்தைவிட்டு அகல்வதில்லை. நின்றால்தான் எதையும் பார்க்க முடியும். நெருஞ்சியை நான் ஒழுங்காகக் கவனித்ததே அப்படி நின்றபோதுதான். டயரிலிருந்து பிடுங்கிய முள்காயை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்: எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும் அமைப்பு. தரையோடு படர்ந்த அந்தக் கொடியில் ஐந்து இதழ் மஞ்சள் பூ ஒன்றும் சாதுவாக மலர்ந்திருந்தது. பஞ்சர் ஒட்டி முடிக்கும் வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாதையை விட்டு விலகிச் சக்கரத்தை உருட்டக் கூடாது. மண்ணின் மேல் கருத்துப் பொருக்குப்போல் தெரிவது பல பாலைகளில் உயிருள்ள படலம். நுண்ணுயிர்களும் பாசிகளும் மண்ணைப் பிணைத்து உருவாக்கிய அந்தப் படலம் ஒரு முறை நொறுங்கினால் மீண்டுவரப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், முதன்முறை போகிறவருக்குத் தார்ச்சாலையையே சொல்வேன், ஓரத்துப் பசுமையை வைத்துப் பாலை முழுவதையும் எடைபோட வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு. ஓரிரு நாள் கூடுதலாக உள்ளவர், தார்ச்சாலையருகே கூடாரம் அடித்து, விடியலில் சுமையை இறக்கி வைத்துவிட்டு, போதிய தண்ணீரோடு மண்பாதையில் நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் போய், நிழல்கள் சுருங்குமுன் திரும்பிவிடலாம்.