கூலிங் டவர் பைப்பைத் தின்னும் பாக்டீரியா: குளோரினா, புரோமினா, குளூட்டரால்டிஹைடா?

கூலிங் டவரில் சுற்றும் குளிரூட்டும் தண்ணீரைச் சோதித்தால், மீதக் குளோரின் 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் அரைப் பங்கு) என்று ஒழுங்காகக் காட்டும். ஆனாலும் கார்பன் ஸ்டீல் பைப்பில் ஓட்டை விழும். சிங்கப்பூரின் ஜூரோங் தொழிற்பேட்டைப் பக்கம் பராமரிப்பு வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த தலைவலிதான்.

பைப்பைத் திறந்தால் உள்சுவரில் செம்பழுப்பு முடிச்சுகள். ஒன்றைப் பெயர்த்தால் உள்ளே மை போன்ற கறுப்புச் சேறு, அதற்கும் அடியில் பளிச்சென்று ஒரு குழி. அந்தச் சேற்றில் ஒரு துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, மேலே ஈரமான லெட் அசிடேட் தாளைப் பிடியுங்கள். தாள் கறுத்தால் சேற்றில் இரும்பு சல்பைடு இருக்கிறது. வெளிவருவது ஹைட்ரஜன் சல்பைடு, நச்சு வாயு. மூடிய இடத்தில் இதைச் செய்யவே கூடாது.

முடிச்சின் மேல்பகுதியில் உள்ள கிருமிகள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அடியில் சல்பேட்டைச் சுவாசித்துச் சல்பைடாக மாற்றும் டீசல்ஃபோவிப்ரியோ போன்ற பாக்டீரியாக்கள் குடியேறும். நம் ஊர் வெப்பத்தில் அவற்றுக்கு ஆண்டு முழுக்க வளர்ச்சிக் காலம்.

குளோரின் மலிவு, மிதக்கும் கிருமியை வேகமாகக் கொல்லும். ஆனால் சுவரில் ஒட்டி வளரும் கிருமிப் படலத்தின் மேல்தோலிலேயே செலவாகிவிடும். பி.எச். 7.5-இல் பாதியளவுதான் வீரியமுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலமாக நிற்கும், 8.5-இல் பத்தில் ஒரு பங்கு. டவர் தண்ணீர் பெரும்பாலும் 8.5 பக்கம்தான் சாயும். அளவைக் கூட்டினால் குளோரைடும் ஏறி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஆபத்து.

புரோமின் விலை கூட, ஆனால் பி.எச். 8.5-இலும் பாதிக்கு மேல் வீரியம் நிற்கும். அன்றாடக் காவலுக்கு என் ஓட்டு இதற்கே. முடிச்சுக்கு அடியில் போவதில் இதுவும் பலவீனம்தான்.

குளூட்டரால்டிஹைடு மெதுவாக வேலை செய்யும், படலத்துக்குள் கூடுதலாக இறங்கும். ப்ளோடவுனை (பழைய தண்ணீரை வெளியேற்றும் வழியை) மூடிவிட்டு மொத்தமாகப் போட்டு, சில மணி நேரம் சுற்றவிட வேண்டும். தண்ணீரில் அம்மோனியாவோ பைசல்ஃபைட்டோ இருந்தால் மருந்து வீண். கறுப்புச் சேறு அதிகமானால் டி.எச்.பி.எஸ். என்ற இன்னொரு கிருமிக்கொல்லி பொருத்தம்: இரும்பு சல்பைடையும் கரைக்கும். இதைக் குளோரின், புரோமினோடு சேர்த்துப் போடாதீர்கள், ஒன்றை ஒன்று அழித்துவிடும்.

முடிச்சு தடித்துவிட்டால் இவற்றில் எதுவும் தனியாகப் போதாது. முதலில் பிரஷ் அல்லது உயரழுத்த நீரால் சுரண்டி எடுங்கள், மருந்து அதற்குப் பிறகு. தண்ணீர் மாதிரியை மட்டும் சோதித்து நிம்மதி அடையவும் வேண்டாம். அரிப்பது சுவரில் ஒட்டியிருக்கும் கூட்டம். கூப்பனை (அரிப்பைப் பார்க்கத் தண்ணீர் ஓட்டத்தில் வைக்கும் சோதனை உலோகத் துண்டை) கழற்றி அதன் படலத்தைச் சோதியுங்கள். ஓட்டம் நின்ற கிளைப் பைப்புகளை வெட்டி மூடிவிடுங்கள், அங்கே எந்த மருந்தும் போய்ச் சேராது.