22 மாதம், 109 பொருட்கள், ஒரே முகம்

அழகுசாதனப் பொருட்களைப் பெரும்பாலும் சின்னச் சாம்பிள்களாகப் போட்டு மாதாமாதம் வீட்டுக்கு வரும் பியூட்டி பாக்ஸுக்குச் சந்தா கட்டலாமா என்று கேட்டால், முதல் வருடத்தில் நான் சொன்ன பதில் வேறு, இப்போது சொல்வது வேறு. மொத்தம் 22 மாதம் கட்டினேன். முதல் 13 மாதம் ஒரு நிறுவனம், அடுத்த 9 மாதம் இன்னொன்று. பெயர்கள் வேண்டாம். சொல்லப்போகிற குறைகளில் பாதி அவர்களுடையது, மீதி என்னுடையது.

மாதத்துக்கு 5 பொருட்கள். ஒரே ஒரு முறை ஒன்று குறைந்து 4 வந்தது. ஆக 109. மூன்றாவது மாதத்திலிருந்து ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். முதல் இரண்டு மாதத்துப் பொருட்களையும் நினைவிலிருந்து சேர்த்துக்கொண்டேன். சந்தாவை நிறுத்திய அன்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது வந்த கணக்கு இது: கடைசிச் சொட்டுவரை தீர்த்தவை 31. அக்கா, அண்ணி, கூட வேலை பார்ப்பவர்கள் என்று கைமாறியவை 38. கெட்டுப்போயோ ஒத்துக்கொள்ளாமலோ குப்பைக்குப் போனவை 17. பிரிக்காமலேயே டிராயரில் கிடந்தவை 23. தீர்ந்த 31-இல், நன்றாக இருக்கிறதே என்று பிறகு முழு அளவில் வாங்கியவை 4. அந்த நான்கையும் இன்றைக்கும் வாங்குகிறேன், அதைச் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது.

ஆரம்ப மாதங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு பெட்டியைப் பிரிப்பதில் ஒரு சின்னப்பிள்ளைத்தனமான சந்தோஷம் இருக்கிறது. மெல்லிய காகிதத்தை விலக்கி ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து... அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் பாதிக் காசு கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. பத்தாவது மாதம் வாக்கில், அடுத்த பெட்டியில் என்ன வரும் என்று முன்கூட்டியே தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். அத்தோடு அந்தச் சந்தோஷமும் போயிற்று. ஒருநாள் அம்மா டிராயரைத் திறந்து பார்த்துவிட்டு, "இருக்கிறது ஒரு முகம், இத்தனை டப்பா எதுக்குடி?" என்றார். அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். கடைசியில் என் நோட்டு சொன்னதும் அதையேதான்.

மதிப்பு என்ற விஷயத்துக்கு வருகிறேன். கட்டிய பணத்தைப்போல மூன்று மடங்கு மதிப்புள்ள பொருட்கள் என்று பெட்டியோடு வரும் அட்டையில் போட்டிருக்கும். பொய் என்று சொல்ல முடியாது. 50 மில்லி குப்பியின் விலையை 50-ஆல் வகுத்து, உங்களுக்கு வந்த 10 மில்லியால் பெருக்கிப் போடுகிற கணக்கு அது. பெருக்கல் சரிதான். ஆனால் அந்த 50 மில்லியை நான் வாங்கியிருப்பேனா என்ற கேள்வி அந்தக் கணக்கில் கிடையாது. ஆகவே எனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். கடையில் பார்த்தால் நானே எடுத்திருப்பேன் என்கிற பொருளுக்கு முழு மதிப்பு. எடுத்திருக்க மாட்டேன், ஆனாலும் தீர்த்துவிட்டேன் என்றால் பாதி. கைமாறியதற்கும் கிடப்பில் இருப்பதற்கும் பூஜ்யம். (கைமாறியதற்குப் பூஜ்யம் போடுவது அநியாயம் என்று அண்ணி சண்டைக்கு வந்தார். அவர் பக்கம் அது லாபம்தான், ஒத்துக்கொள்கிறேன்.) கட்டிய பணத்தை 100 என்று வைத்தால், 22 மாதத்துக்கும் சேர்த்து எனக்குத் திரும்பக் கிடைத்தது 58. மிக நல்ல மாதம் 140-ஐத் தொட்டது. ஒரு மாதம் முழுப் பூஜ்யம்: 2 ஷீட் மாஸ்க், பளீரென்ற பச்சை ஐலைனர், நகத்தில் ஒட்டும் ஸ்டிக்கர், தலைமுடிக்கு மினுமினுப்பு ஸ்பிரே. இரண்டாவது நிறுவனத்தில் அனுப்பும் செலவைத் தனியாக வாங்கினார்கள். அந்தப் பூஜ்ய மாதத்தில் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டபிறகு எனக்குக் கோபம் குறைந்தது. 2010-இல் நியூயார்க்கில், ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் ஒன்றாகப் படித்த ஹேலி பார்னாவும் காட்டியா போஷாம்பும் பர்ச்பாக்ஸைத் தொடங்கினார்கள். மாதம் ஒரு பெட்டி, உள்ளே சாம்பிள்கள், பிடித்திருந்தால் முழு அளவை அவர்களுடைய கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். அடுத்த வருடமே யூடியூபில் மேக்கப் சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கிய மிஷேல் ஃபான் பின்னால் இப்ஸி என்று ஆன சந்தாவை ஆரம்பித்தார். பெர்லினில் கிளாஸிபாக்ஸ் வந்ததும் அதே 2011-இல்தான். அழகுசாதன நிறுவனங்களுக்கு இது விளம்பரம். கடையில் காசு கொடுத்தாலும் கிடைக்காத இடமான நம் குளியலறை அலமாரிக்குள் பொருளை நேராகக் கொண்டு வைத்துவிடலாம். அதனால் பெட்டிக்காரர்கள் சாம்பிள்களை இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ வாங்க முடிந்தது. மொத்த ஏற்பாடும் நிற்பது, சாம்பிளைத் தீர்த்தவர் முழு அளவை வாங்குவார் என்ற நம்பிக்கையில். என் நோட்டில் அந்த நம்பிக்கை 109-க்கு 4. அப்புறம் முழு அளவுப் பொருட்களையே வைத்து அனுப்பும் பெட்டிகளும் வந்தன. என்னுடைய இரண்டாவது நிறுவனம் அனுப்பியது அப்படிப்பட்டதுதான். அதைப் பார்த்து மயங்கவேண்டாம். பிடிக்காத லிப்ஸ்டிக் முழு அளவில் வந்தால் பிடிக்காதது கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவே.

எனக்குப் பெரிய பாடம் தோலில் கிடைத்தது. ஆறாவது மாதப் பெட்டியில் கிளைகோலிக் ஆசிட் (தோலின் இறந்த செல்களை உரிக்கும் அமிலம்) டோனர், ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) சீரம், ஒரு புது ஃபேஸ் வாஷ் மூன்றும் ஒன்றாக வந்தன. வந்த ஆசையில் ஒரே வாரத்தில் மூன்றையும் போட்டேன். ஐந்தாம் நாள் கன்னம் சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எதைப் போட்டதும் ஆரம்பிச்சுது?" பதில் என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மென்மையான கிளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் தவிர வேறெதுவும் முகத்தில் படக்கூடாது என்றார். அடங்கப் பத்து நாள் ஆயிற்று. கிளைகோலிக் போன்ற ஆசிட்கள் தோலை வெயிலுக்குக் கூடுதலாகக் கூசவைக்கும், ரெட்டினாலோடு சேர்த்து ஆரம்பிப்பது புதிதாகப் போடுகிறவர் செய்கிற வேலை இல்லை என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. கர்ப்பமாக இருப்பவர்கள் ரெட்டினாலைத் தொடவே கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். அந்தப் பெட்டியோடு வந்த அட்டையில் இதில் ஒரு வரிகூட இல்லை. சீரத்தின் வாசனையைப் பற்றி மூன்று வரி இருந்தது.

அதன் பிறகு எனக்கென்று ஒரு வழிமுறை வைத்துக்கொண்டேன். புதிதாக எது வந்தாலும் முதலில் முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சின்ன இடத்தில், தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பத்து நாள். அங்கே ஒன்றும் ஆகவில்லை என்றால் முகத்துக்கு. ஒன்றைத் தொடங்கி இரண்டு வாரமாவது ஆன பிறகுதான் அடுத்தது. இப்படிச் செய்தால் மாதத்துக்கு இரண்டு புதுப் பொருட்களைத்தான் முகம் ஏற்கும். பெட்டியோ மாதத்துக்கு ஐந்து அனுப்புகிறது. மீதி மூன்று எங்கே போகும்? டிராயருக்கும் அண்ணிக்கும்தான். என் கணக்கு முழுவதும் இந்த இடத்தில்தான் உடைந்தது. பொருட்களில் பலவும் தரமானவை. முகத்தின் வேகமும் பெட்டியின் வேகமும் ஒத்துப்போகவில்லை.

அளவும் ஒரு சிக்கல். 7 மில்லி கிரீம் காலையும் இரவும் அரை மில்லி என்று போட்டால் ஒரு வாரத்தில் காலி. தோலின் மேல்படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய நான்கு வாரம் எடுக்கிறது. கரும்புள்ளி மறைகிறதா என்று ரெட்டினாலுக்குத் தீர்ப்பு எழுத மூன்று மாதம் வேண்டும். ஒரு வாரச் சாம்பிளில் தெரிவது எரிகிறதா, பிசுபிசுக்கிறதா, வாசனை பிடிக்கிறதா என்பது மட்டும்தான். சன்ஸ்கிரீன் இன்னும் மோசம். முகத்துக்கு மட்டும் ஒரு வேளைக்குக் கால் டீஸ்பூன், அதாவது 1.2 மில்லிக்குமேல் வேண்டும். 10 மில்லி டியூப் எட்டு வேளைக்கு வரும். அதையும் வெளியே இருக்கும்போது இரண்டு மணிக்கொரு முறை திரும்பப் போடச் சொல்கிறார்கள். சாம்பிளைச் சிக்கனமாகத் தேய்த்துவிட்டு, இது வேலை செய்யவில்லை என்று நோட்டில் எழுதிய நாட்கள் உண்டு. தப்பு சன்ஸ்கிரீன் மேல் இல்லை.

சாம்பிளே போதும் என்று சொல்ல எனக்கு ஒன்று உண்டு: வாசனைத் திரவியம். 1.5 மில்லிக் குப்பியில் பதினைந்து தடவை அடிக்கலாம். முதலில் வரும் மணம் அரை மணிக்குள் போய்விடும், மாலைவரை தோலில் தங்குவது வேறு ஒன்று. கடையில் அட்டையை நீட்டி முகரச் சொன்னால் இது தெரியாது. நான் பிறகு வாங்கிய நான்கில் இரண்டு வாசனைத் திரவியங்கள், ஒன்று லிப்ஸ்டிக், ஒன்று தலைக்குப் போடும் கண்டிஷனர். முகத்துக்கான சீரம் ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா?

சேரும்போது ஒரு நீண்ட கேள்வித்தாள் கொடுப்பார்கள். தோல் எண்ணெய்ப் பசையா, வறண்டதா, நிறம் என்ன, எந்த ஷேட் பிடிக்கும் என்று. பொறுமையாக நிரப்பினேன். வறண்ட தோல் என்று எழுதியவளுக்கு முகப்பருவுக்கான ஜெல் மூன்று முறை வந்தது. ஃபவுண்டேஷன், கன்சீலர் போன்றவை ஏறக்குறைய வரவே இல்லை. ஒருவருக்குச் சரியான ஷேட் அடுத்தவருக்குச் சரியாக இருக்காது என்பதால் அனுப்புகிறவருக்கு அது தலைவலி. அதனால் யாருக்கும் பெரிய தவறாகத் தோன்றாதவையே திரும்பத் திரும்ப வருகின்றன: ஹைலைட்டர், லிப் கிளாஸ், கை கிரீம். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அந்த ஹைலைட்டர்களில் பாதி சாம்பல் பூசியது போல இருக்கும். முகத்தில் வெள்ளையாகப் படியும் ஜிங்க் ஆக்ஸைடு சன்ஸ்கிரீன் போட்டுக்கொண்டு போன அன்று, "உடம்பு சரியில்லையா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

குப்பைக்குப் போன 17-இல் பாதிக்குமேல் தேதி விஷயம். டப்பாவின் பின்னால் திறந்த மூடியுள்ள குட்டி ஜாடிப் படம் போட்டு, அதற்குள் 6 அல்லது 12 என்ற எண்ணும் எம் என்ற எழுத்தும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று அர்த்தம். 30 மாதத்துக்குமேல் கெடாத பொருளுக்குக் காலாவதித் தேதிக்குப் பதில் இதைப் போட்டால் போதும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. சின்ன சாஷேக்களில் பல நேரம் பேட்ச் எண் மட்டும்தான் இருக்கும். நான் இப்போது திறந்த தேதியை மூடியிலேயே பேனாவால் எழுதிவிடுகிறேன். மஸ்காராவை மூன்று மாதத்துக்குமேல் வைத்துக்கொள்வதில்லை. கண் விஷயம். வைட்டமின் சி சீரம் பழுப்பாக மாறினால் யோசிக்காமல் கொட்டிவிடுகிறேன்.

நிறுத்துவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சேர ஒரு நிமிடம். விலக, மூன்று பக்கம் தாண்டி, "நிச்சயமாகவா?" என்று இரண்டு தடவை கேட்டு, பாதி விலைக்கு ஒரு மாதம் தருகிறோம் என்று ஆசை காட்டி, கடைசியில் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். பதில் வருவதற்குள் அடுத்த மாதத்துப் பணம் பிடித்துவிட்டார்கள். இப்போது எந்தச் சந்தா எடுத்தாலும், பணம் பிடிக்கும் தேதிக்கு ஐந்து நாள் முன்பு போனில் நினைவூட்டல் வைத்துவிட்டுத்தான் அட்டை எண்ணைத் தருகிறேன். வருடச் சந்தா மலிவு என்று தோன்றும், எடுக்காதீர்கள். மூன்றாவது மாதத்தில் சலித்துவிட்டால் மீதி ஒன்பது மாதமும் பெட்டி வந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் யாரும் வாங்கவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. மேக்கப் பக்கமே போகாமல் இருந்து இப்போது ஆரம்பிக்கிறவர், தனக்கு எது பொருந்தும் என்றே தெரியாதவர், மூன்று நான்கு மாதம் எடுக்கலாம். அக்கா தங்கை என்று பங்குபோட ஆள் இருக்கும் வீட்டில் இன்னும் நல்லது. அந்த 38-ம் பூஜ்யத்திலிருந்து மேலே ஏறிவிடும். எளிதில் சிவக்கிற தோல் இருந்தால் வேண்டாம். ஏற்கெனவே ஒத்துப்போகிற கிரீமும் சன்ஸ்கிரீனும் கையில் இருந்தாலும் வேண்டாம். பரிசாகக் கொடுக்க மூன்று மாதச் சந்தா நல்ல யோசனை. அதுவும் தானாக முடிகிற வகையா, உங்கள் அட்டையிலிருந்து நான்காவது மாதமும் பிடிக்கிற வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் டிராயரை எண்ணினேன். 23 இப்போது 19. குறைந்த நாலும் கை கிரீம்.