மெனோபாஸ் தொல்லை: பொறுத்துப் போவதா, நாமே பார்த்துக்கொள்வதா, டாக்டரிடம் போவதா?

ராத்திரி மூன்று மணி. இரண்டாவது தடவையாக நைட்டியை மாற்றி, நனைந்த தலையணையைத் திருப்பிப் போட்டு, போர்வையை உதறினால் குளிர்கிறது, போர்த்தினால் வேகிறது என்று புரண்டுகொண்டே, "இதுக்கெல்லாம் போய் டாக்டரைப் பார்ப்பாங்களா" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தவள் நான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்றேகால் வருஷம். முதலில் பொறுத்துப் பார்த்தேன், அப்புறம் ஆன்லைனில் மாத்திரை வாங்கி விழுங்கிப் பார்த்தேன், கடைசியில் டாக்டரிடம் போனேன். மூன்று வழியிலும் நடந்து பார்த்தவள் என்ற தகுதியில்தான் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுகிறேன்.

"எவ்வளவு மோசமானால் போகணும்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். என் கணக்கில் அது தப்பான கேள்வி. தாங்கும் சக்தியை வைத்து அளந்தால் நம்மில் பலர் எதையும் தாங்கிவிடுவோம், போக வேண்டிய நாள் வரவே வராது. இந்தத் தொல்லை விட்டுவிட்டால் தானாகக் குறையுமா, அப்படியே கிடக்குமா, வளர்ந்துகொண்டே போகுமா என்று கேட்டுப் பாருங்கள். பதில் ஒவ்வொரு தொல்லைக்கும் வேறு வேறாக வரும். அதனால்தான் "எனக்கு எதுவும் பண்ணாமலே சரியாப் போச்சு" என்று ஒருத்தி சொல்வதும் உண்மை, "இன்னும் முன்னாடியே போயிருக்கணும்" என்று இன்னொருத்தி சொல்வதும் உண்மை.

சுருக்கமாக ஒரு கணக்கு. கடைசி மாதவிடாய் வந்து 12 மாதம் முழுசாக ஓடினால்தான் மெனோபாஸ் என்று பெயர். பெரும்பாலானோருக்கு 45க்கும் 55க்கும் நடுவில் வரும். ஆனால் தொல்லைகள் அதற்குச் சில வருஷம் முன்பே, மாதவிடாய் தாறுமாறாகத் தொடங்கும்போதே வந்துவிடும். எனவே "எனக்குத்தான் இன்னும் வந்துகொண்டிருக்கிறதே" என்று தள்ளிவிட முடியாது.

பொறுத்துப் போவது

இந்த வழியைக் குறைத்துப் பேச மாட்டேன். அப்பப்போ முகத்தில் குப்பென்று சூடு ஏறுகிறது, இரண்டு நிமிஷத்தில் இறங்கிவிடுகிறது, ராத்திரி தூக்கம் கெடவில்லை, வேலை ஓடுகிறது என்றால் பேசாமல் இருக்கலாம். மாதவிடாய் முன்னே பின்னே வருவதும் இந்த வயதில் சகஜம்தான் (கர்ப்பமில்லை என்பதை மட்டும் உறுதி பண்ணிக்கொள்ளுங்கள், இந்த வயதிலும் தரிக்கும்).

சிக்கல் எங்கே என்றால், எவ்வளவு நாள் பொறுப்பது என்று தெரியாமல் பொறுக்கிறோம். ஆறு மாதத்தில் போய்விடும் என்று நானும் நினைத்தேன். அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஸ்வான் என்ற ஆய்வு 2015இல் சொன்ன கணக்கு வேறு: அடிக்கடி சூடும் வியர்வையும் வருபவர்களுக்கு அது நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 7.4 வருஷம். அதிலும் மாதவிடாய் நின்ற பிறகு ஆரம்பித்தவர்களுக்கு 3.4 வருஷம்தான், நிற்பதற்கு வெகு முன்பே ஆரம்பித்தவர்களுக்கோ 11.8 வருஷத்துக்கு மேல். அதாவது சீக்கிரம் வந்தது சீக்கிரம் போகாது, தலைகீழ். மாதவிடாய் வந்துகொண்டிருக்கும்போதே ராத்திரி வியர்வையில் நனைகிற ஒருத்தி "கொஞ்ச நாள்தானே" என்று பல்லைக் கடிப்பதற்கு முன் இந்த எண்களைப் பார்க்கலாம்.

சூடாவது ஒரு நாள் அடங்கும். பிறப்புறுப்பு வறட்சி அடங்காது. எரிச்சல், உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று, அவசரமாக ஓட வேண்டியிருப்பது எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வருபவை: ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் அங்குள்ள தோல் மெலிந்து காய்ந்து போகிறது. காலம் போகப் போக இது கூடுமே தவிர குறையாது. வெட்கத்தில் நாம் அதிகம் பொறுத்துப்போவதும் இதைத்தான், பொறுத்துப் பிரயோஜனமே இல்லாததும் இதுதான். மிகக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் உள்ள க்ரீமோ, உள்ளே வைக்கும் சின்ன மாத்திரையோ போதும், ரத்தத்தில் கலப்பது சொற்பம். இவ்வளவு எளிதாகத் தீரும் ஒன்றை வருஷக்கணக்கில் மறைத்து வைக்கிறோம்.

நாமே பார்த்துக்கொள்வது

நான் மிகவும் ஏமாந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் காட்டமாகவே எழுதுவேன். டப்பா மேல் பூப்படம் போட்டு "மெனோபாஸ் ஆதரவு" என்று விற்கும் மாத்திரையை மூன்று மாதம் சாப்பிட்டேன். முதல் மாதம் நன்றாகக் கேட்டது போலவே இருந்தது, இரண்டு தோழிகளுக்கு வேறு சிபாரிசு செய்தேன். பிற்பாடு தெரிந்தது: குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சையைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே சூடு வரும் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. நம்பிக்கை பாதி வேலை செய்துவிடுகிறது. நிஜ ஹார்மோன், அந்த வெறும் மாத்திரையை விடவும் 75 சதவீத அளவுக்குக் குறைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒப்பீடு நியாயமாகும்.

2023இல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் ஹார்மோன் அல்லாத வழிகளை எல்லாம் அலசி ஒரு அறிக்கை வெளியிட்டது. குளிர்ந்த காற்று, மூச்சுப் பயிற்சி, யோகா, உடற்பயிற்சி, சோயா, மூலிகை மாத்திரைகள் எதையும் சூட்டுத் தொல்லைக்கான சிகிச்சையாக அது பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சியை விட்டுவிடுங்கள் என்று அர்த்தமில்லை. எலும்புக்கும் இதயத்துக்கும் மனசுக்கும் அது தேவை, சூட்டுக்கு மருந்து இல்லை, அவ்வளவுதான். எடை கூடியிருந்தால் குறைப்பது, நடத்தை சார்ந்த மனப் பயிற்சி சிகிச்சை, ஹிப்னாஸிஸ் இவற்றை அதே அறிக்கை ஏற்றுக்கொள்கிறது. புகைப்பவர்கள் நிறுத்தினாலும் நல்லது. வறட்சிக்குக் கடையில் கிடைக்கும் ஈரப்பத ஜெல்லை மருந்துச்சீட்டு இல்லாமலே தாராளமாக வாங்கலாம்.

சும்மா சாப்பிடுகிற மாத்திரைதானே, என்ன ஆகிவிடும் என்றால், ஆகும். பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை, அரிதாக என்றாலும், கல்லீரலைப் பாதித்திருக்கிறது. முடி கொட்டுகிறதே என்று சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமின் தைராய்டு ரத்தப் பரிசோதனையைத் தப்பாகக் காட்ட வைக்கும். தைராய்டுதான் மெனோபாஸ் மாதிரியே வேஷம் போடுகிற பேர்வழி: அதிகமாகச் சுரந்தால் படபடப்பும் வியர்வையும், குறைவாகச் சுரந்தால் அசதியும் எடையும் மறதியும். உள்ளே இருப்பது தைராய்டு, நாம் சாப்பிடுவது மெனோபாஸ் மாத்திரை, அதில் கலந்திருக்கும் பயோட்டின் பரிசோதனையையும் குழப்பும் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

எனவே நாமே பார்த்துக்கொள்வதற்கு ஒரு கெடு வேண்டும். மூன்று மாதம் செய்து பாருங்கள். தூக்கம் இன்னும் கெடுகிறது, வேலையில் தப்பு வருகிறது, வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுகிறீர்கள் என்றால் அந்த வழி உங்களுக்குப் போதவில்லை.

டாக்டரிடம் போவது

இதிலேயே இரண்டு உண்டு: இந்த வாரமே போக வேண்டியது, சௌகரியப்பட்டபோது போகலாம் என்பது.

என் அக்காவுக்கு மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் ஆன பிறகு ஒரு நாள் பழுப்பாக ஒரு சொட்டுப் பட்டது. "நின்னது திரும்ப வந்துடுச்சுடி, இளமை திரும்புது போல" என்று போனில் சிரித்தாள். நானும் சிரித்தேன், அப்போது எனக்கும் ஒன்றும் தெரியாது. 12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் காட்ட வேண்டும். அப்படி ரத்தம் வருபவர்களில் 100க்கு ஏறக்குறைய 9 பேருக்குக் கர்ப்பப்பை உள்படலப் புற்றுநோய் இருக்கிறது. மீதி 91 பேருக்குப் பெரும்பாலும் வறட்சி, சதை வளர்ச்சி என்று சாதாரணக் காரணம்தான், ஆனால் நாம் எந்தப் பக்கம் என்பதை வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வழியில்லை. அக்காவுக்கு ஸ்கேன் எடுத்து, துளி சதை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பி, முடிவு வரும் வரைக்கும் அவள் சிரிக்கவில்லை. பாலிப் என்ற சின்னச் சதை வளர்ச்சிதான், எடுத்துவிட்டார்கள்.

நிற்பதற்கு முன்னாலும் சில விஷயங்களைத் தள்ளிப்போடக் கூடாது: மணிக்கொரு நாப்கின் நனைந்து தொடர்ந்து சில மணி நேரம் போவது, கட்டி கட்டியாகப் போவது, ஏழு நாளுக்கு மேல் நீள்வது, 21 நாளுக்குள் திரும்ப வருவது, இடையிலோ உறவுக்குப் பிறகோ ரத்தம் படுவது. "இந்த வயசில் அப்படித்தான் கொட்டித் தீர்க்கும்" என்று ஆறுதல் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். கேட்டுக்கொண்டே ரத்தசோகையோடு மாடிப்படி ஏற முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வயதும் ஒரு அளவுகோல். 45க்கு முன்பே மாதவிடாய் நின்றால், தொல்லை எதுவுமே இல்லாவிட்டாலும் போக வேண்டும். 40க்கு முன்பே நின்றுபோவது 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு நடக்கிறது. சீக்கிரம் நின்றால் எலும்பும் இதயமும் அத்தனை வருஷம் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் கிடக்கும், அதனால் வேறு தடை இல்லாவிட்டால் இயல்பாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் கொடுப்பதே வழக்கம். அறுவை சிகிச்சையில் சினைப்பை இரண்டையும் எடுக்கப் போகிறார்கள் என்றால், எடுப்பதற்கு முன்பே இந்தப் பேச்சைப் பேசிவிட வேண்டும், ஏனென்றால் மறுநாளே மெனோபாஸ்தான்.

ராத்திரி வியர்வையோடு காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் அதை மெனோபாஸ் கணக்கில் எழுதாதீர்கள். நெஞ்சு அழுத்தம், மூச்சுத் திணறலோடு வியர்த்தால் அவசர சிகிச்சைதான். "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற நினைப்பு வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட்டு மருத்துவ உதவிக்குப் போக வேண்டும். இந்த மாற்றக் காலத்தில் மனச்சோர்வு கூடுவது நிஜம், சிகிச்சையில் குணமாவதும் நிஜம்.

போனால் என்ன நடக்கும்? 45 வயது தாண்டியிருந்து அறிகுறிகள் பொருந்தினால், ஹார்மோன் அளவு பார்க்கும் எஃப்.எஸ்.ஹெச். பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. அந்த வயதில் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் "நார்மல்" என்று வந்தாலும் அதற்கு அர்த்தமில்லை. கேள்விகள் கேட்பார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், சந்தேகம் இருந்தால் தைராய்டும் ரத்த அளவும் பார்ப்பார்கள். பொது மருத்துவரே போதும், ரத்தப்போக்கோ வறட்சியோ பிரதானம் என்றால் மகளிர் மருத்துவர்.

ஹார்மோன் என்றதும் நமக்கு வரும் பயத்துக்கு ஒரு தேதி உண்டு: 2002. அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்றில் கூட்டு ஹார்மோன் (ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்டிரோன் வகை ஹார்மோனும் சேர்ந்தது) கொடுத்த பிரிவை, மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று பாதியில் நிறுத்தினார்கள். எவ்வளவு கூடியது? வருஷத்துக்கு 10,000 பெண்களில் 30 என்றிருந்தது 38 ஆனது. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பதைத் தலைப்புச் செய்திகள் பெரிதாகச் சொல்லவில்லை. இன்றைய நிலை: 60க்குள், அல்லது நின்று 10 வருஷத்துக்குள் ஆரம்பிப்பவர்களுக்கு, வேறு தடை இல்லாதபோது, பெரும்பாலும் நன்மையே அதிகம். தோலில் ஒட்டும் பட்டை அல்லது ஜெல், வாய்வழி மாத்திரையைப் போல ரத்தக்கட்டு ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுக்க மாட்டார்கள், உள்படலத்தைக் காக்கப் புரோஜெஸ்ட்டிரோன் வகையும் சேர வேண்டும். காத்திருப்பதற்கும் இதில் ஒரு விலை உண்டு: 64 வயதில் போய்க் கேட்டால் இதே கணக்கு நமக்குச் சாதகமாக இருக்காது.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் போன்று ஹார்மோன் ஒத்துவராதவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. சில மனச்சோர்வு மாத்திரைகள் குறைந்த அளவில் சூட்டைக் குறைக்கும் (மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்களுக்கு இவற்றில் ஒன்றான பராக்ஸெட்டின் ஆகாது, டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்). 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்து மூளையில் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடத்திலேயே வேலை செய்கிறது, ஆனால் கல்லீரல் பரிசோதனை கூடவே வேண்டும்.

டாக்டர் வழி சொர்க்கம் என்று சொல்லவில்லை. நான் முதலில் போன இடத்தில் "எல்லாருக்கும் வர்றதுதாம்மா" என்று நாலு நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். தப்பில் பாதி என் மேலும்தான், "சூடா இருக்கு, தூக்கம் வரலை" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது டாக்டரிடம் போகும் முன் ஆறு வாரம் ஒரு பழைய டைரியில் எழுதினேன்: எத்தனை தடவை வியர்த்தது, ராத்திரி எத்தனை தடவை விழிப்பு, மாதவிடாய் தேதி, எத்தனை நாப்கின், சாப்பிடும் மாத்திரைகள், அம்மாவுக்கு எந்த வயதில் நின்றது. அவர் பக்கத்தைப் புரட்டி, "ராத்திரிக்கு அஞ்சு தடவையா? இத்தனை நாளா?" என்றார். வறட்சியைப் பற்றி மட்டும் டைரியிலும் எழுதவில்லை, கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்துதான் சொன்னேன். அவர் மறுபடி உட்காரச் சொல்லிவிட்டு, சீட்டில் இன்னொரு வரி எழுதினார்.