ஃபேஸ்புக் குழுக்கள்: எதற்கு உதவும், எங்கே கைவிடும்

ஃபேஸ்புக்கைத் திறந்ததும் வரும் முகப்பை மட்டும் வைத்து எடை போட்டால், இன்றைக்கு அந்தத் தளத்துக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண்ணே அதிகம். தெரிந்தவர் பதிவு ஒன்று வரும், அடுத்து விளம்பரம், அதற்கடுத்து யாரென்றே தெரியாத பக்கத்தின் ரீல்ஸ். ஆனால் அதே தளத்தின் குழுக்களுக்கு ஏழோ எட்டோ தாராளமாகக் கொடுக்கலாம். மாடித்தோட்டம், தையல், பழைய நாணயம், பைக் பழுது, ஊர் வரலாறு, ரத்ததானம் என்று அன்றாடத்துக்கு உதவும் தமிழ்க் குழுக்கள் இன்னும் அங்கேதான் உயிரோடு இருக்கின்றன. அவற்றைச் சரியாகப் பயன்படுத்தினால் எவ்வளவு கிடைக்கும், எங்கெல்லாம் சறுக்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

இந்தக் கூடிப்பேசும் பழக்கம் ஃபேஸ்புக்கில் பிறந்ததல்ல. எழுத்தார்வம் உள்ள தமிழர்கள் கூடிய மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்றவை மின்னஞ்சல் வழியே இயங்கிய யாகூ குழுக்களாக இருந்தவை. 2004 ஜனவரியில் வந்த ஆர்குட் என்னும் சமூக வலைத்தளம், தன் கம்யூனிட்டிகள் வழியாகக் கல்லூரி மாணவர்களை இழுத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஹார்வர்டு மாணவர்களுக்காகத் தொடங்கிய ஃபேஸ்புக், 2006 செப்டம்பரில் 13 வயது நிரம்பிய எல்லோருக்கும் கதவைத் திறந்தது; 2012 அக்டோபரில் மாதம் நூறு கோடிப் பேர் வந்துபோகும் இடமாகிவிட்டது. ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. யாகூ குழுக்களின் பழைய பதிவுகள் 2019 டிசம்பரிலும், சேவையே 2020 டிசம்பரிலும் போய்விட்டன. இந்தத் தேதிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சொல்லப்போகும் விஷயத்துக்கு இவைதான் காரணம்.

முதலில் பார்வையைச் சரிசெய்ய வேண்டும். முகப்பில் குழுப் பதிவுகள் வருவதை நம்பி இருக்காதீர்கள். மெனுவில் மூன்று கோட்டைத் தொட்டு 'ஃபீட்ஸ்' என்பதற்குள் போனால், குழுக்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கும். 2022 ஜூலையில் வந்த இந்தப் பகுதியில் பதிவுகள் நேர வரிசையில், புதியது மேலே என்று வரும். குழுவுக்குள்ளேயும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே வரிசை 'மிகப் பொருத்தமானவை' என்று இருந்தால், நிறைய லைக் வாங்கிய பழைய படம் மேலே நிற்கும். பத்து நிமிடம் முன்னால் ஒருவர் கேட்ட அவசரக் கேள்வி கீழே புதைந்துவிடும். அதை 'புதிய பதிவுகள்' என்று மாற்றிக்கொண்டால், பதில் சொல்லத் தெரிந்தவர் கண்ணில் கேள்வி படும். நோட்டிஃபிகேஷனை எல்லாக் குழுவுக்கும் முழுதாகத் திறந்துவைத்தால் இரண்டே நாளில் வெறுத்துப்போகும். நிஜமாகவே தேவைப்படும் ஓரிரு குழுவுக்கு 'எல்லாப் பதிவுகளும்', மற்றவற்றுக்கு 'முக்கியமானவை' அல்லது 'வேண்டாம்' என்று வைப்பது போதும்.

ஒரு நல்ல குழு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மாடித்தோட்டக் குழுக்களே சிறந்த சான்று. 'மிளகாய்ச் செடி இலை சுருங்குது, என்ன பண்றது?' என்று மங்கலான ஒரு படத்தோடு கேட்டால், இருபது பேர் இருபது மருந்து சொல்வார்கள். இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு படகு போல நின்றால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, குருத்து சிறுத்தால் மஞ்சள் முரணைச் சிலந்தி. ஒன்று பூச்சி, மற்றது சிலந்தி இனம் என்பதால் மருந்தும் மாறும். அதனால் கேட்பவர் மூன்று படம் போட வேண்டும்: முழுச்செடி, இலையின் மேல்புறம், இலையின் அடிப்புறம். கூடவே தொட்டி அல்லது பையின் அளவு, மண்கலவை, செடியின் வயது, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர், கடைசியாக என்ன உரம், ஊர் எது என்று ஐந்தாறு வரி. மஞ்சளாகும் இலைக்கும் இதே கதைதான். அடியிலை மட்டும் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவைச் சந்தேகிக்கலாம். நரம்பு பச்சையாக இருந்து குருத்திலை வெளுத்தால் இரும்புச்சத்து. எந்த இலை என்று சொல்லாத கேள்விக்கு யாராலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது.

பதில் சொல்பவரும் அளவோடு சொல்ல வேண்டும். 'வேப்பெண்ணெய் அடிங்க' என்று மட்டும் எழுதுவதால் இலை கருகிய செடிகள் ஏராளம். லிட்டருக்கு 5 மில்லி, கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்புறம் நனையும்படி, முதலில் ஒரே கிளையில் அடித்துப் பார்த்துவிட்டு. இவ்வளவும் ஒரே கமென்டில் எழுதிவிடலாம். இப்படி எழுதுகிறவர்கள் நான்கைந்து பேர் இருந்தால் அந்தக் குழு எந்தப் புத்தகத்துக்கும் குறைந்ததல்ல. குழுவில் சேரும்போது உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். சமீபத்திய பத்துக் கேள்விகளின் கீழே உள்ள பதில்களைப் படியுங்கள். அளவும் காரணமும் அங்கே இருந்தால் சேரலாம். 'சூப்பர்', 'காலை வணக்கம்' மட்டும் இருந்தால் நகர்ந்துவிடலாம்.

வாட்ஸ்அப் குழுவால் இந்த இடத்தை நிரப்ப முடியாது. அங்கே 1024 பேர்தான் உச்சவரம்பு. சேர்ந்தவர் தொலைபேசி எண் மற்றவர்களுக்குத் தெரியும். புதிதாக வருபவருக்கு முன்பு நடந்த உரையாடல் முழுதாகக் கிடைக்காததால் அதே கேள்வி வாராவாரம் திரும்ப வரும். அடுக்ககத்தில் தண்ணீர் லாரி வந்ததைச் சொல்ல வாட்ஸ்அப் போதும். மூன்று வருடம் கழித்தும் தேடி எடுக்க வேண்டிய விஷயத்துக்கு ஃபேஸ்புக் குழுதான்.

அந்தத் தேடலில்தான் தமிழ் பயன்படுத்துவோருக்குப் பெரிய குறை இருக்கிறது. குழுவின் பூதக்கண்ணாடியைத் தொட்டு 'தக்காளி' என்று தட்டினால், 'தக்காளிக்கு', 'தக்காளியில்' என்று எழுதிய பதிவுகள் பல நேரம் வருவதில்லை. தங்கிலீஷில் எழுதியவை தனி உலகம். படத்துக்குள் எழுத்தாகப் போட்டதையோ குரல்பதிவையோ நம்பிப் பயனில்லை. இதற்கு உறுப்பினர்களே செய்துகொள்ளக்கூடிய வழி ஒன்று உண்டு. பதிவின் முதல் வரியில் உருபு ஏற்றாத சொற்களைத் தனித்தனியாக எழுதுவது: 'மிளகாய், இலைச்சுருட்டு, இலைப்பேன்' என்று. தேவைப்பட்டால் அதே சொற்களை ஆங்கில எழுத்திலும் ஒருமுறை சேர்ப்பது. தேடும்போதும் உருபு ஏற்றியும் ஏற்றாமலும் இரண்டு மூன்று வடிவம் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த ஒரு விதியைக் கண்டிப்பாக வைத்திருக்கும் குழுவில் பழைய பதில்கள் கைக்கு எட்டும். வைக்காத குழுவில் எல்லாம் இருந்தும் எதுவும் கிடைக்காது.

குழு நடத்துகிறவர்களுக்கு ஃபேஸ்புக் கொடுத்திருக்கும் கருவிகள் உண்மையிலேயே நல்லவை. சேர வருபவரிடம் மூன்று கேள்வி வரை கேட்கலாம். 'விதிகளைப் படித்தீர்களா?' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'நீங்கள் இப்போது வளர்க்கும் இரண்டு செடிகளைச் சொல்லுங்கள்' என்று கேட்டால், கடன் செயலி விளம்பரம் போட வருகிற போலிக் கணக்குகள் பெரும்பாலும் பதில் எழுதாமலே நிற்கும். அவற்றை அப்படியே நிராகரித்துவிடலாம். புதியவர்களின் பதிவு அட்மின் அனுமதிக்குப் பிறகே வரும்படி வைப்பது நல்லது. ஆனால் அனுமதிக்க ஆள் இல்லாமல் ஒரு நாள் கிடந்தால் கேட்டவர் திரும்பி வரமாட்டார். 'அட்மின் அசிஸ்ட்' என்னும் தானியங்கி வசதியில், இணைப்பு உள்ள பதிவு, குறிப்பிட்ட சொல் உள்ள பதிவு, மிகப் புதிய கணக்கிலிருந்து வரும் பதிவு ஆகியவற்றைத் தடுக்கச் சொல்லலாம். தமிழ்ச் சொல்லை அங்கே கொடுக்கும்போதும் அதன் பல வடிவங்களையும் சேர்த்துக் கொடுங்கள்.

குழு கைமாறிப்போவது அடிக்கடி நடக்கும் விபத்து. ஒரே அட்மின் உள்ள குழுவில் அவருடைய கணக்கு திருடப்பட்டால், குழுவின் பெயர் மாறி, மறுநாள் அங்கே வேறு வியாபாரம் ஓடும். 'உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும்' என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா பெயரில் வரும் செய்தியைத் தொட்டுக் கடவுச்சொல்லைக் கொடுப்பதுதான் இதன் வழக்கமான தொடக்கம். கடைசி அட்மின் தானே வெளியேறினாலும் ஆபத்துதான். அந்தப் பொறுப்பை உறுப்பினர் யாராவது எடுத்துக்கொள்ள வழி திறந்துவிடும். ஆகவே நம்பிக்கையான இரண்டு பேராவது அட்மினாக இருக்க வேண்டும். இருவரும் கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டை அடுக்குப் பாதுகாப்பை எஸ்எம்எஸ்ஸில் அல்லாமல், அந்தக் குறியீட்டைத் தொலைபேசியிலேயே உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலியில் வைக்க வேண்டும். ஃபேஸ்புக் தரும் பத்து மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வைக்க வேண்டும். தொலைபேசி தொலைந்தால் அவைதான் வழி.

வாங்கல்-விற்றல் குழுக்களை எச்சரிக்கையோடுதான் பரிந்துரைக்க முடியும். பழைய தையல் மிஷின், குழந்தைகள் சைக்கிள், அலமாரி போன்ற பொருள்களுக்கு உள்ளூர்க் குழு மிகவும் உபயோகம். நேரில் பார்த்து, பகலில், கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். முன்பணம் கேட்கும் வாடகை வீடு, ராணுவத்தில் இடமாற்றம் என்று சொல்லி மலிவாகக் கொடுக்கும் வண்டி, இரண்டும் பழகிப்போன மோசடிகள். விற்பவரிடம் 'பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க' என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், ரகசிய எண்ணான பின்னும் (PIN) வேண்டாம். அந்த எண்ணைப் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு அதிகம்.

ரத்ததானக் குழுக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சமூக வலைத்தளங்களால் நேரடியாக உயிர் பிழைக்கும் இடம் அதுதான். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஃபேஸ்புக்கின் 'சேஃப்டி செக்' பலருக்குத் தங்கள் வீட்டார் பத்திரம் என்ற செய்தியைக் கொண்டுபோனது. 2017 அக்டோபர் 1 அன்று ரத்தக் கொடையாளர் பதிவு வசதி இந்தியாவில் தொடங்கியது. ஆனால் கோரிக்கைப் பதிவுகள் இன்னும் அரைகுறையாகவே எழுதப்படுகின்றன. தேதி இல்லாத ஒரு பதிவு வருடக்கணக்கில் பகிரப்பட்டு, என்றோ குணமாகிப் போனவரின் வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். எழுதும்போது முதல் வரியிலேயே தேதியும் எந்த நேரத்துக்குள் வேண்டும் என்பதும் வர வேண்டும். பிறகு ரத்த வகை, எத்தனை யூனிட், முழு ரத்தமா தட்டணுவா (பிளேட்லெட்), மருத்துவமனை, ரத்த வங்கி எந்தக் கட்டடத்தில், கூட இருப்பவர் எண். தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், அதற்கான கோரிக்கையில் நாள் தெளிவாக இருப்பது இன்னும் முக்கியம். கொடுக்க வருபவருக்கு 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, முழு ரத்தம் கொடுத்து ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் ஆகியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிட்டால் வீண் அலைச்சல் குறையும். ரத்தம் கிடைத்ததும் பதிவை அழிக்காதீர்கள், முதல் வரியைத் திருத்தி 'தேவை முடிந்தது' என்று போடுங்கள். பகிர்ந்தவர்களின் பக்கத்திலும் அது அப்படியே மாறும். ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டவர்களை அது எட்டாது. அதனால் படமாக அனுப்பாமல் இணைப்பை அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியாக, மேலே சொன்ன மூடல் தேதிகள். ஆர்குட்டும் யாகூ குழுக்களும் போனதுபோல ஃபேஸ்புக் குழுவும் ஒருநாள் போகலாம். ஒரு குழுவில் பத்து வருடம் சேர்ந்த அறிவை மொத்தமாகத் தரவிறக்க அட்மினுக்கும் வசதி கிடையாது. அவரவர் எழுதியதை அவரவர்தான் எடுக்கலாம். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் சென்டருக்குள் போய், உங்கள் தகவல் என்ற பகுதியில் தரவிறக்கம் கேட்கலாம். எந்த வடிவத்தில் வேண்டும் என்று கேட்கும்போது உலாவியில் திறந்து படிக்கக்கூடிய எச்டிஎம்எல்லைத் (HTML) தேர்ந்தெடுங்கள். மற்றொன்றான ஜேசன் (JSON) வடிவத்தில் தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறியீடுகளாகச் சிதைந்து வரும், அதை மீட்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். படங்களின் தரத்தை உயர்வாக வைக்கவும். தயாரானதும் வரும் இணைப்பு சில நாள்தான் செல்லும். சொந்தக் கணக்கிலோ பக்கத்திலோ செய்யும் நேரலைகள் 2025 பிப்ரவரி 19 முதல் 30 நாள்தான் தங்குகின்றன. ஒட்டுக்கட்டுதல், கவாத்து என்று செய்து காட்டியவற்றை அதற்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். குழுவாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மாதம் ஒருமுறை ஒருவர் பொறுப்பெடுத்து, அந்த மாதத்தின் நல்ல கேள்வி-பதில்களை, எழுதியவர்களின் சம்மதத்தோடும் பெயரோடும் கூகுள் ஆவணம் ஒன்றில் ஒட்டி, அதன் இணைப்பைக் குழுவின் மேலே பொருத்திவைப்பது. மாதத்துக்கு இரண்டு மணி நேர வேலைதான்.